எள்ளு எண்ணெய்க்குக் காயுது

எந்த வண்டி வாங்கலாம்னு என்கிட்ட வந்து கேக்கியே மாப்ளே, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா? பெட்ரோல் வண்டியா, கரண்டு வண்டியா, காஸ்ல ஓடுற பைக்கான்னு செல்போனைத் தேச்சுத் தேச்சு ஒனக்குப் பெருவிரல் ரேகையே அழிஞ்சு போச்சு. நாளைக்கு ரேஷன் கடையில கைநாட்டு விழாது, பாத்துக்கோ. சரி, உக்காரு. மோரைக் குடி.

என்னமோ ஹோர்முஸ் ஹோர்முஸ்னு வாய்க்கு வாய் சொல்லிக்கிட்டு வந்தே. எங்க இருக்குன்னு கேட்டா மேற்க கையைக் காட்டுதே. ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவுல உள்ள கடல் சந்து அது. ஒடுக்கமான எடத்துல 33 கிலோமீட்டர். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரத்துல பாதியும் கொஞ்சம் கொசுறும். அதுலயும் கப்பல் போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொண்ணும் 3 கிலோமீட்டர்தான். 2024 கணக்குல உலகம் எரிச்ச எண்ணெயில அஞ்சுல ஒரு பங்கு, நாளைக்கு 2 கோடி பீப்பாய், அந்தச் சந்துக்குள்ளதான் வந்துச்சு. பீப்பாய்ன்னா 159 லிட்டர். நம்ம நாட்டுக்கு வேணுங்கிற கச்சா எண்ணெயில நூத்துக்கு 85க்கு மேல வெளிச் சரக்கு. ஒங்க ஆத்தா காப்பி போடுத காஸ் இருக்கே, நாட்டுல எரியுத அந்த காஸ்ல பாதிக்கு மேல கப்பல்ல வாரது. வாரதுல பெரும்பங்கு அந்தச் சந்து வழி. அங்க எவனாவது துப்பாக்கியைத் தொடைச்சா, இங்க அவ சிலிண்டரை ஆட்டிப் பாக்கா. அது நியாயமான பயம். அதுக்கு நான் சிரிக்கல.

நான் சிரிக்கது வேற ஒண்ணுக்கு. எண்ணெய் விலை ஏறுத அன்னைக்குத்தான் நம்ம ஆளுகளுக்கு மாத்து எரிபொருள் ஞானம் பொறக்கும். விலை படுத்தா ஞானமும் பாயை விரிச்சுப் படுத்திரும். அம்பது வருசமா இந்தக் கூத்தைப் பாக்கேன்.

1973 அக்டோபர்ல அரபுக்காரங்களுக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை. இஸ்ரேலுக்குக் கை கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் கெடையாதுன்னு அரபு நாடுக கதவைச் சாத்துச்சு. 3 டாலருக்கு வித்த பீப்பாய் பொங்கலுக்குள்ள 12 டாலருகிட்ட வந்து நின்னுச்சு. டெல்லி பெட்ரோல் விலையை ஏத்துச்சு. அதைக் கண்டிச்சு வாஜ்பாய் நவம்பர் மாசம் பார்லிமெண்டுக்கு மாட்டு வண்டியில போயி எறங்குனாரு. நான் மாட்டு வண்டியில போனா பட்டிக்காட்டான், அவரு போனா போராட்டம். அந்த மாட்டுக்கு அன்னைக்கு யாரு கூளம் வச்சான்னு எவனும் எழுதல. அதே வாஜ்பாய் பிரதமரா இருக்கையில, 2002 ஏப்ரல்ல, அரசு விலை நிர்ணயிக்கிற முறைக்கு முடிவு கட்டுனதாச் சொன்னாங்க. பெறகு 2010ல மன்மோகன் சிங் பெட்ரோலை அவுத்து விட்டாரு, 2014ல மோடி டீசலை அவுத்து விட்டாரு. எந்தக் கொடியா இருந்தா என்ன, முடிச்சை அவுக்கதுல மட்டும் கை ஒண்ணுதான்.

அந்த 1973 சூடு ஆறுறதுக்குள்ள சாண எரிவாயு வந்துச்சு. 1981ல அதைத் தேசியத் திட்டமாவே ஆக்கிட்டாங்க. கீழத்தெரு பெரிய வீட்டுத் தொழுவத்துல மானியம் வாங்கி ஒண்ணு கட்டுனாங்க. தரைக்குள்ள வட்டத் தொட்டி, அது மேல கவுத்துப் போட்ட இரும்பு டிரம். நாலஞ்சு மாட்டுச் சாணி, அம்பது கிலோ, காலையில தண்ணியில கரைச்சு ஊத்தணும். காஸ் சேரச் சேர டிரம் மேல எழும்பும். அடுப்புல நீலமா நின்னு எரிஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா சாணி கரைச்சது யாரு? அந்த வீட்டு மருமக. ஒரு மருமக கையிலதான் தேசியத் திட்டமே நின்னுச்சு. இது எந்த அதிகாரி நோட்டுலயும் ஏறல. சிலிண்டர் வந்துச்சு, அவ கையைக் கழுவுனா, திட்டம் முடிஞ்சுது. இப்பப் போயிப் பாரு. டிரம் ஒரு பக்கம் துரு தின்னு ஓட்டையாக் கெடக்கு. கோழி அடைய வசதியா இருக்காம்.

1996ல நம்ம ராஜபாளையம் பக்கமிருந்து ராமர் பிள்ளை கெளம்புனாரு. தண்ணியில மூலிகையைப் போட்டுக் கொதிக்க வச்சா பெட்ரோல்! பத்திரிகைக்காரன், அதிகாரி, விஞ்ஞானின்னு அத்தனை பேரும் வேடிக்கை பாக்க நின்னான். பரிசோதனைக் கூடத்துக்குப் போனதும் அந்தக் கதை நிக்கல. ஆனா நம்ம டீக்கடையில நின்னுச்சே! இன்னைக்கும் ஒருத்தன் வடையைப் பிச்சுக்கிட்டே சொல்லுவான், “அது நெசந்தாம்ணே, அமெரிக்காக்காரன் அமுக்கிட்டான்.” அவன் பாக்கியை மட்டும் அமுக்க மாட்டேங்கான் கடைக்காரன்.

2003ல காட்டாமணக்கு. தரிசெல்லாம் நட்டு டீசல் எடுக்கலாம்னு திட்டக் கமிஷன் சொல்லுச்சு. ஜனாதிபதியா இருந்த கலாம் அய்யாவும் ஆர்வமாச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ஆடு வாய் வைக்காதுன்னு நம்ம பாட்டன் வேலியில நட்ட செடி அது. தரிசுல தண்ணியில்லாமக் காய்க்கும்னாங்க. காய்க்கும், எண்ணிப் பொறுக்கலாம். தண்ணி விட்டா நல்லாக் காய்க்கும்னாங்க. தண்ணி இருந்தா நான் ஏம்லே காட்டாமணக்கு நடுதேன், மொளகா நட மாட்டேனா? 2008 ஜூலையில பீப்பாய் 147 டாலருக்குப் போனப்ப நாத்துக்கு அடிபுடி. டிசம்பர்ல 40க்குக் கீழ விழுந்துச்சு. காட்டாமணக்கு பேசாம வேலிக்கே திரும்பிருச்சு.

இப்ப விலைக்கு வருவோம். ஹோர்முஸ்ல அடிச்சா நமக்கு வலிக்குதுன்னு சொன்னியே, பாதிதான் உண்மை. மீதிப் பாதி இங்கயே இருக்கு. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவுல மே மாசச் சரக்குக்கு எண்ணெய் விலை சைபருக்குக் கீழ போச்சு. மைனஸ் 37 டாலர். எண்ணெயையும் எடுத்துக்கோ, மேல காசும் வாங்கிக்கோன்னான். ஊரடங்குல திண்ணையில கெடந்த நீ அன்னைக்கு என்ன சொன்னே? “மாமா, இனிமே பெட்ரோல் அம்பது ரூபா”ன்னே. மே 5ஆம் தேதி டெல்லி பெட்ரோலுக்கு 10 ரூபா, டீசலுக்கு 13 ரூபா வரியை ஏத்திட்டு. வெளிய கொறைஞ்சது உள்ள வாரதுக்குள்ள வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. கொரோனாச் செலவு இருந்துச்சு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஏறும்போது மட்டும் “உலகச் சந்தைப்பா, நாங்க என்ன செய்ய”ங்கான் பாரு, அங்கதான் எனக்குப் பொடி போடணும்போல வருது.

சென்னை மட்டும் என்ன சுத்தம்? 2021 ஆகஸ்ட்ல பெட்ரோல் வரியில லிட்டருக்கு 3 ரூபா கொறைச்சுது, அதைச் சொல்லாம விட்டா பாவம். கொறைச்ச பெறகும் நின்ன கணக்கு என்ன தெரியுமா? நூத்துக்கு 13, அது போக லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. அடுத்த மாசமே லக்னோவுல ஜிஎஸ்டி கவுன்சில் கூடுச்சு. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள்ள கொண்டாரலாமான்னு பேச்சு வந்ததும் இது நேரம் இல்லேன்னு முடிவாச்சு. எல்லாத்துக்கும் மல்லுக்கட்டுத டெல்லியும் மாநிலங்களும் அந்த ஒரு விசயத்துல சம்பந்தி கெணக்கா ஒண்ணாச் சிரிச்சாங்க.

இன்னொரு அதிசயம் கேளு. அன்னன்னைக்கு உலக விலைப்படி பெட்ரோல் விலை மாறும்னு 2017 ஜூன்ல முறை வந்துச்சு. மறு வருசம் கர்நாடகத் தேர்தல். 19 நாள் விலை அசையல. ஓட்டுப் போட்டு முடிச்சதும் எந்திரிச்சு நடந்துச்சு. 2021 நவம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாலு மாசத்துக்கு மேல மறுபடி தூக்கம். உத்தரப்பிரதேசத்துல தேர்தல். ரஷ்யா உக்ரைன்ல புகுந்து பீப்பாய் 100 டாலரைத் தாண்டியும் முழிக்கல. முடிவு வந்து பன்னெண்டு நாள் கழிச்சு மார்ச் 22ல கண்ணைத் தொறந்துச்சு. கம்பெனிகதான் விலை வைக்குதாம், அரசுக்குச் சம்பந்தமே இல்லையாம். நம்பிக்கோ. என்னைக் கேட்டா மாசம் ஒரு தேர்தல் எங்கயாவது வச்சுக்கிட்டே இருக்கணும். சாண எரிவாயு வேண்டாம், காட்டாமணக்கு வேண்டாம், அதைவிட நல்ல மாத்து எரிபொருள் கெடையாது.

ரஷ்யாக்காரன் எண்ணெயைத் தள்ளுபடியில கொடுத்தான். சண்டைக்கு முன்னால நூத்துக்கு ரெண்டு பங்குகூட வாங்காத நாம மூணுல ஒரு பங்கு வரைக்கும் வாங்குனோம். அதுல தப்பு இல்ல, மலிவா வந்தா நானும் வாங்குவேன். ஒம் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கொறைஞ்சுது? 2022 மே மாசம் நின்ன விலை 2024 மார்ச் வரைக்கும் நின்னுச்சு, அப்புறம் 2 ரூபா கொறைச்சாங்க. சரி, லாபம்தான் வரல, அடியாவது வேற எவனுக்கும் போயிருக்கலாம். ரஷ்ய எண்ணெய் வாங்குதேன்னு டிரம்ப் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு, 2025 ஆகஸ்ட்ல மொத்தம் 50 ஆச்சு. எண்ணெய் எறங்குனது குஜராத்து ஜாம்நகர்ல. ஆர்டர் நின்னது திருப்பூர்ல. பனியன் தைக்கிற பொண்ணு ரஷ்யாவுல என்னத்தை வாங்குனா? எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுதுன்னு நம்ம ஆச்சி கேப்பாளே, அதை வாஷிங்டன்ல போயிக் கேக்க ஆளில்ல.

கடலுக்கு அந்தாண்ட இலங்கையில 2022ல எண்ணெய்க்குப் பட்ட பாட்டை மறந்துட்டே. டாலர் இல்ல, கப்பல் வந்து நின்னும் சரக்கை எறக்கக் காசில்ல. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர்னு கியூஆர் அட்டையைக் காட்டி வாங்குனாங்க. இங்க விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர்னு மூணு எடத்துல பாறையைக் கொடைஞ்சு 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் சேக்க எடம் இருக்கு. முழுசா நெரப்புனா ஒன்பதரை நாளைக்கு வரும். கம்பெனி டேங்குகளைச் சேத்தா ரெண்டு மாசம் தாண்டும். 2020ல விலை விழுந்தப்ப அந்தப் பாறைக் குழியை நெரப்பிக்கிட்டாங்க. அது ஒண்ணு கெட்டிக்காரத்தனமாச் செஞ்சாங்க.

அப்புறம் எத்தனால். பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு சாராயம். 2030க்குன்னு வச்ச கெடுவை 2025லயே முடிச்சுட்டாங்க, கெட்டிக்காரங்கதான். மனுசன் ஊத்துனா குடிகாரன், வண்டிக்கு ஊத்துனா தேச சேவை. கரும்புல ஆரம்பிச்சு, ஒடைஞ்ச அரிசி, சேமிப்புக் கிட்டங்கி அரிசின்னு போயி, இப்ப மக்காச்சோளத்துலதான் பெரிய பங்கு. சோளத்துக்கு விலை கெடைச்சா வெவசாயிக்கு நல்லதுதானேன்னு நீ கேப்பே. நல்லதுதான், நானும் ரெண்டு ஏக்கர் போட்டிருக்கேன், வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா நாமக்கல் கோழிப் பண்ணைக்காரன் தொறக்கான். தீவனச் சோளத்துக்கு வண்டியோட போட்டி போட வேண்டியிருக்கே அவனுக்கு! ஏற்றுமதி பண்ணுன நாடு 2024ல சோளத்தை எறக்குமதி பண்ணுச்சு. சாராயத்துல சூடு பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால மைலேஜ் கொஞ்சம் கொறையும், பழைய வண்டின்னா கூடவே கொறையும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டு. அப்ப விலையும் கொறையணுமா இல்லியா? அது மட்டும் கலக்கல.

காஸ் பைக்கு வாங்கணும்னே. உலகத்துலயே மொத சிஎன்ஜி பைக்கு நம்ம நாட்டுலதான் 2024ல வந்துச்சு, பெருமைதான். அந்த காஸ் எங்கருந்து வருது? நாட்டுல எரியுத இயற்கை எரிவாயுல பாதி வெளியூரு. கப்பல்ல வாரதுல பெரிய பங்காளி கத்தார். கத்தாருக்கு வாசல் எது? சொல்லு பாப்போம். அதே சந்துதாம்லே! ஹோர்முஸுக்குப் பயந்து ஓடி ஹோர்முஸ் மடியிலயே போயி விழப் பாக்கியே.

மிச்சம் கரண்டு வண்டி. கரண்டுன்னா பொகையே இல்லேன்னு விளம்பரத்துல ஒரு பொண்ணு தலைமுடியைப் பறக்க விட்டுக்கிட்டுப் போறா. பொகை இருக்கு, தூத்துக்குடியில இருக்கு. ஒடிசாவுல தால்சேர்ல வெட்டுன கரி ரயில்ல பாரதீப்புக்குப் போயி, கப்பல்ல தூத்துக்குடிக்கு வந்து, அனல் மின் நிலையத்துல எரியுது. ஒம் ஸ்கூட்டரைப் பெரும்பங்கு கரிதான் ஓட்டும். மீதியில கரண்டு எடுக்குத நம்ம காத்தாடிக்கும் பங்கு உண்டு. 1986ல முள்ளக்காட்டுல சின்னச் சின்னதா நட்டப்ப, மழைமேகத்தை இந்த றெக்கை தொரத்திருதுன்னு ஊரே சண்டைக்குப் போச்சு. மழை பெய்யாத வருசமெல்லாம் காத்தாடி குத்தவாளி, பெஞ்ச வருசம் சாமி புண்ணியம். நெலம் குத்தகைக்குப் போனதும் அந்தப் பேச்சு ஓஞ்சுது. இன்னைக்கு கயத்தாறு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், உடுமலைன்னு தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல நிக்குது. ஆனி, ஆடியில கெளப்பு கெளப்புன்னு கெளப்பும். ஐப்பசியில றெக்கை மேல காக்கா உக்காந்து கத்தும். கமுதியில 648 மெகாவாட்டு சூரியத் தகடு 2016லயே வந்தாச்சு. பகல்ல கொட்டுது. நீ ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து வண்டியைச் சொருகுவே. அந்நேரம் சூரியனும் வீட்டுக்குப் போயிரும்.

பேட்டரிக்கு லித்தியம், மோட்டருக்குக் காந்தம், ரெண்டுக்கும் சாவி சீனாக்காரன் கையில. 2025 ஏப்ரல்ல காந்தத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டான், நம்ம ஸ்கூட்டர் கம்பெனிகளுக்கு மூச்சு முட்டுச்சு. அப்ப அரபுக்காரனை விட்டுட்டு சீனாக்காரன் காலைப் புடிக்கவான்னு கேப்பே. கேளு, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பெட்ரோலை தெனம் வாங்கி தெனம் எரிக்கணும். காந்தத்தை ஒரு தடவை வாங்குனா வண்டி ஆயுசுக்கும் கெடக்கும். சீனாக்காரன் கோவிச்சுக்கிட்டா ஒனக்குப் புது வண்டி கெடைக்காது, அவ்வளவுதான். அரபுச் சந்து அடைச்சா ஓடுற வண்டியே நிக்கும். இதை எந்த வீடியோக்காரனும் ஒனக்குச் சொல்லல, நான் சொல்லுதேன்.

இன்னொண்ணையும் சொல்லிருதேன், கோவிச்சுக்கிடாதே. 2021 மே மாசத்துல இருந்து ஒங்க ஆத்தா டவுன் பஸ்ல காசு கொடுக்காமப் போறா. மூஞ்சியில ரோஸ் பெயிண்ட் அடிச்ச பஸ் அது. பெட்ரோல் என்ன விலைன்னு அவகிட்ட கேட்டுப் பாரு, தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்ல. நீ என்னடான்னா முக்கு கடைக்கு பாக்கு வாங்க வண்டியை உதைக்கே. எறங்கி நடந்தா முன்னூறு எட்டு இல்ல. அந்தப் பாக்குக்கு ஹோர்முஸ்ல கப்பல் போகணுமா?

ஆகக்கூடி, வேலைக்குப் போக வர தெனம் 40 கிலோமீட்டர். வருசத்துக்கு 300 நாள்னா 12,000 கிலோமீட்டர். ஒம் பைக்கு லிட்டருக்கு 50 கொடுத்தா 240 லிட்டர், நூறு ரூபான்னு வச்சா 24,000 ரூபா. கரண்டு ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு 3 யூனிட்டு தின்னும். 360 யூனிட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபான்னு தாராளமாப் போட்டாலும் மூவாயிரத்துக்குள்ள. கரண்டு வண்டியே வாங்கு. பறக்குத மாடல் வேண்டாம், வேலைக்குப் போற மாடல் போதும். பேட்டரிக்கு எத்தனை வருச உத்தரவாதம்னு தாள்ல எழுதி வாங்கு, வாய்ச்சொல் வேண்டாம். மிச்சமாகுத 20,000 ரூபாயை வண்டிக் கடனுக்கே கட்டு, புது செல்போனுக்குக் கட்டாதே. நாளைக்கே பெட்ரோல் ரெண்டு ரூபா கொறைஞ்சுருச்சுன்னு மனசு மாறி ஓடி வந்தே, மோரு கெடையாது. வண்டி வாரதுக்கு முன்னால ஒங்க வீட்டு முன்வாசல்ல ஓட்டுக்குக் கீழ பிளக் பாயிண்டு இருக்கே, அதுல மழைத்தண்ணி ஒழுகுது, எர்த்து கம்பியும் அறுந்து கெடக்கு. மொதல்ல அதை ஒயர்மேனை வச்சுச் சரி பண்ணு.